ஒத்தக்கடையில் இனித்த ஆம்ப்ளிஃபையர்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். இதை இப்போது யாரிடம் சொன்னாலும் என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் "அப்படியா" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பகலில் நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மாலையில் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் வேனில் ஏறிப் போகும் ஒன்பது பேரில் ஒருவன். மற்ற எட்டுப் பேருக்கும் நன்றாக வாசிக்கத் தெரியும்.

எனக்கும் கை ஓரளவு ஓடும். குறை கையில் இல்லை, சத்தத்தில்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. என் கிட்டாரைச் செருகி வாசித்த ஆம்ப்ளிஃபையர் கிட்டாருக்காகப் பிறந்ததே இல்லை. தென்னை மரத்தில் கூம்புக் குழாயைக் கட்டி, காதுகுத்து வீட்டுச் செய்தியை மூன்று தெருவுக்கு அறிவிப்பதற்காகச் செய்யப்பட்ட வால்வு செட்டு அது. மைக் செட்டுக்காரர்கள் எல்லோரும் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஒருவர் "தூக்கிட்டுப் போயிருங்க தம்பி, இடத்த அடைக்குது" என்று தள்ளிவிட்டதை நான் வரமாக வாங்கிவந்தேன். சாம்பல் நிறத் தகரப் பெட்டி. மேலே பல்பு மாதிரி நாலு கண்ணாடி வால்வுகள். ஸ்விட்ச் போட்டால் உடனே பேசாது. பெரிய மனிதர்கள் மாதிரி ஒரு நிமிடம் யோசித்து, மெதுவாகச் சிவந்து, அப்புறம்தான் வாயைத் திறக்கும். திறந்ததும் ஏன் திறந்தது என்று இருக்கும்.

எங்கள் குழுத்தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். ஆர்கன் வாசிப்பார். பகலில் பஞ்சு மில்லில் வேலை. அதிர்ந்து பேசாதவர், அதனால் அவர் பேசினால் பயமாக இருக்கும். ஒரு மாசி மாதத்தில், நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே."

"சொல்லுங்க மாஸ்டர்."

"நீ வாசிக்கிறப்ப, எவனோ பந்திக்குப் பின்னால எவர்சில்வர் தட்டக் கழுவிப் போடுற மாதிரி இருக்கு. நானும் ரெண்டு கச்சேரில திரும்பித் திரும்பிப் பாத்தேன். அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, நீன்னு."

நான் சுருட்டிய வயரை அவிழ்த்து மறுபடி சுருட்டினேன்.

"திண்டுக்கல்ல ஒரு தம்பி இருக்கான். புது டிரான்சிஸ்டர் செட்டு வச்சிருக்கான். வாரேங்கிறான். வைகாசில நமக்கு ஒரு பெரிய எடத்து வரவேற்பு இருக்கு. அதுக்குள்ள உன் சத்தத்தச் சரி பண்ணிட்டா நீயே இரு. இல்லையா, அவன வரச் சொல்லிருவேன். வருத்தப்படாத."

வருத்தப்படாதே என்று சொன்னால் வருத்தப்படாமல் இருக்கும் வகை மனிதனில்லை நான். அலுவலகத்தில் என்னை என் மேசைக்கு ஒதுக்கிய எழுத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள், "டி-த்ரீ, அந்த ஃபைல் கட்டக் கொண்டா." வாரத்தில் இரண்டு மணி நேரம் மேடையில் நிற்கும்போதுதான் நாலு பேர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். அது போய்விட்டால் மீதி நூற்று அறுபத்தாறு மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நானும் ஒரு டிரான்சிஸ்டர் செட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். அதற்குக் குறுக்கே என் படிப்பறிவு வந்து நின்றது. கோரிப்பாளையம் பக்கம், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றில் வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்றை ஒருமுறை கேட்டிருந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒரு கம்பியைத் தள்ளி வளைத்து ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து வைத்திருந்தார். அது கம்பியில் வருகிற சத்தம் மாதிரியே இல்லை. வெல்லப்பாகைக் கரண்டியில் எடுத்து மெல்லச் சாய்த்தால் விழுமே, அப்படி விழுந்தது. தட்டின் உறையில் அவருடைய ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கப் படம் இருந்தது. உள்ளே வால்வுகள். என் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் ஏதோ பங்காளி முறை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் பெட்டியையும் கொஞ்சம் பண்படுத்தினால் போதும், பாகு விழும்.

பண்படுத்த ஆள் குடும்பத்திலேயே இருந்தார். என் அக்காவின் கணவர், மச்சான், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூட உதவியாளர். வீடு ஒத்தக்கடையில். ஊருக்கு மேற்கே வேலை, கிழக்கே வீடு. நடுவில் மதுரையைத் தினமும் இரண்டு பஸ் பிடித்துக் கடந்துவருவார். ரேடியோ ரிப்பேரில் கெட்டிக்காரர். ஆனால் பாட்டில் துளியும் ஆர்வம் கிடையாது. ரேடியோவில் நல்ல பாட்டு ஒன்று வந்து தெருவே நின்று கேட்டாலும், "ரிசப்ஷன் நல்லாருக்கு" என்பார். காதை நம்பமாட்டார். மீட்டரைத்தான் நம்புவார்.

நான் சிம்மக்கல் பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தேன். வீட்டுச் சொந்தக்காரர் அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே தடை போட்டிருந்தார். எனவே பெட்டி பஸ் ஏறி ஒத்தக்கடைக்குப் போனது. கண்டக்டர் அதைக் காலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "உள்ள என்னண்ணே, அம்மியா?" என்றார். ஆம்ப்ளிஃபையர் என்றேன். "அதத்தான் கேக்குறேன், அம்மியும் உள்ள இருக்கா?" என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மச்சான் வீட்டுக் கூடத்தில் அதைப் பொருத்தி, எந்த மாற்றமும் செய்வதற்கு முன்னால், நான் நாலு சுரம் வாசித்தேன். பரவாயில்லாமல் இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு மாப்ள. இதுக்கா அழுத?" என்றார் மச்சான்.

எனக்கே குழப்பமாக இருந்தது. கூடத்தின் மூலையில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கரகரப்பை மூட்டை குடித்துவிடுகிறது என்று நான் சொன்னேன். சுவர் மண்சுவர், அதுவும் காரணம் என்றார் அவர். இரண்டு பேரும் படித்தவர்கள். மூன்றாவது காரணம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் விட்டதும் மேலூர் பஸ் பிடித்து அங்கே இறங்குவேன். மச்சான் ஆறரைக்கு வருவார், காப்பி குடிப்பார், ஏழு மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார், எட்டரைக்கு அக்கா சாப்பிடக் கூப்பிடும்வரை வேலை. ஞாயிற்றுக்கிழமை பகலில் செய்திருக்கலாம். அதற்கு அக்காவின் அனுமதி இல்லை. "ஞாயித்துக்கெழம அந்த ஈயம் பத்த வைக்கிற சூட்டுக்கோலத் தொட்டீங்க, வீட்ல கறி எடுக்க மாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்ல வேண்டிய அவசியம் நேரவில்லை.

ஆக எல்லா வேலையும் ஏழிலிருந்து எட்டரைக்குள். அந்த நேரத்து ஒத்தக்கடை எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சுற்றியிருந்த வயல்களில் பம்புசெட்டெல்லாம் ஒன்றாக ஓடும். டியூப்லைட் இரண்டு முனையிலும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எரியாது. அதனால் ஆணியில் ஒரு குண்டு பல்பு தொங்கும். வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஒரு சிவப்பில் அது எரியும். அந்த வெளிச்சத்தில்தான் மச்சான் கண்டன்சர்மேல் எழுதியிருப்பதைப் படிப்பார், மூக்குக்கு மூன்று அங்குலத்தில் வைத்து. அது எங்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. சாயங்காலம் என்றால் வெளிச்சம் அப்படித்தான்.

முதலில் கூம்புக் குழாயைத் துரத்தினோம். மச்சான் கல்லூரி ஏலத்தில் எடுத்துவைத்திருந்த பன்னிரண்டு அங்குல காகித ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதற்குப் பெட்டி செய்யப் பலகை வேண்டும். அக்காவுக்கு எங்கள் வீட்டில் சீராகக் கொடுத்த மர அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. அதன் முதுகுப் பலகை சுவரைத்தானே பார்க்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று மச்சான் சொன்னார். அல்லது நான் சொன்னேன். இன்றுவரை அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பத்து நாள் கழித்து அக்கா பட்டுச்சேலையைத் தேட, அது அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தது.

"அப்பா குடுத்த சீர்ல கை வைக்க உனக்கு எம்புட்டு தைரியம்டா?" என்றாள், என்னைப் பார்த்து.

"மச்சான்கிட்டக் கேளுக்கா."

"அவர எதுக்குக் கேக்கணும்? அவருக்குச் சீர் குடுத்தது நம்ம வீடு. ஒடச்சதும் நம்ம வீடா இருக்கணுமா?"

மச்சான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அதில் பார்க்க எதுவும் இல்லை.

அடுத்து பெட்டியின் வயிற்றைத் திறந்தோம். தடித்த சத்தம் தாண்டிப் போக வழிவிடாத சின்னக் கண்டன்சர்களை எடுத்துவிட்டுப் பெரிதாகப் போட்டார். வெளியே போகிற சத்தத்தில் ஒரு சிட்டிகையைத் திரும்ப உள்ளே அனுப்பி, செட்டை அடக்கி வைத்திருக்கும் கம்பி ஒன்று உண்டு. அறிவிப்பு செய்ய அந்த அடக்கம் தேவை. கிட்டாருக்கு வேண்டாம் என்று நான் எங்கேயோ படித்திருந்தேன். அதை வெட்டச் சொன்னேன். வெட்டினார். பெட்டி முதன்முறையாக மூச்சுவிட்ட மாதிரி இருந்தது.

கடைசியாக வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு வோல்ட்டு கிடைக்க வேண்டும், இவ்வளவு கரண்ட்டு ஓட வேண்டும் என்று புத்தகத்தில் அட்டவணை இருந்தது. மச்சான் மீட்டரை வைத்துப் பார்த்தார். புத்தகம் சொன்னதில் முக்கால்வாசிகூட வரவில்லை.

"பொட்டிக்குள்ள இருக்குற டிரான்ஸ்பார்மர் கிழடாயிப் போச்சு மாப்ள. எத்தன கல்யாணத்துக்குக் கத்துச்சோ. அதான் தெம்பு இல்ல."

"மாத்தணுமா?"

"மாத்த வேணாம். அதுக்கேத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ கொறச்சு, வால்வுக்கு வேண்டிய கரண்ட்ட நாமளே ஓட வச்சிருவோம்."

ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸாக மாற்றி, மீட்டரைப் பார்த்து, மறுபடி மாற்றினார். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. பங்குனி கடைசியில் ஒரு சாயங்காலம் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வந்து நின்றது. "வாசி" என்றார்.

ஒரு கம்பியைத் தள்ளிப் பிடித்தேன். பாகு விழுந்தது.

இதை மிகைப்படுத்தாமல் சொல்லப் பார்க்கிறேன். சுரம் தொடங்கும்போது லேசாகக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, விளிம்பில் கொஞ்சம் கருகி, அடங்க மனமில்லாமல் அடங்கியது. மெதுவாகத் தொட்டால் சுத்தமாகப் பேசியது. அழுத்தினால் தொண்டை கட்டினது போல உருகியது. என் விரல்களுக்கு இப்படி வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தது. அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "இப்பத்தான் மனுசன் கேக்குற மாதிரி இருக்கு." மச்சான் முள்ளையே பார்த்திருந்துவிட்டு, "கேக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து இசையைப் பற்றி வந்த ஒரே விமர்சனம் அது.

சித்திரையில் கொட்டாம்பட்டியில் திருவிழாக் கச்சேரி. வேன் வழியில் ஒத்தக்கடையில் நின்று என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டது. இரண்டு டிராக்டர் டிரெய்லரைச் சேர்த்து மேடை போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிட்டோம். இரண்டாவது பாட்டின் நடுவில் எனக்கு ஒரு சின்ன இடம், பதினாறு தாளத் தட்டு. வாசித்தேன். ஆர்கனில் கை இருக்கும்போதே மாஸ்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முன்பும் அவர் திரும்பிப் பார்த்ததுண்டு. இது வேறு பார்வை. பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, "அந்தக் கம்பி வாத்தியக்காரர மட்டும் இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்கப்பா" என்றார். என் வாழ்க்கையில் ஒன்ஸ் மோர் என்று நடந்தது அது ஒன்றுதான். அதனால் சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பும்போது மாஸ்டர் என் தோளில் கை வைத்தார். "வைகாசிலயும் இதே மாதிரி வாசிச்சிரு. திண்டுக்கல் பேச்சையே எடுக்க மாட்டேன்."

வைகாசி வரவேற்பு மதுரை ஊருக்குள், ஒரு புது மண்டபத்தில். அவர்களிடம் சொந்தமாக ஜெனரேட்டர் இருந்தது. வாசலிலிருந்து மேடைவரை டியூப்லைட்டுகள் பட்டப்பகல் மாதிரி எரிந்தன. சுண்ணாம்பு அடித்த வெளிச்சம். மேடைக்குப் பக்கத்தில் மெலிந்த இளைஞன் ஒருவன் உறை போட்ட கிட்டாரோடு நின்றான். திண்டுக்கல் தம்பி. "சும்மா கேக்க வந்தேண்ணே" என்றான். சும்மா கேட்க வருகிறவன் கிட்டாரோடு வரமாட்டான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் வெட்கப்பட்டான். அதனால் அவனைப் பிடித்துப்போனது. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

பெட்டியின் ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நிமிடம் யோசிக்கிற வழக்கமெல்லாம் இல்லை, உடனே எழுந்து இரைந்தது. வரவேற்புப் பாட்டின் தொடக்கமே கிட்டார்தான். முதல் சுரத்தைத் தொட்டேன். பாகு விழவில்லை. சட்டியில் கடுகு வெடித்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார், மின்விசிறி கழன்றுவிட்டதோ என்று. நான் சத்தத்தைக் குறைத்தேன். வெடிப்பு குறைந்தது, இரைச்சல் குறையவில்லை. குனிந்து பார்த்தால் பெரிய வால்வு இரண்டின் உள்ளேயும் தகடு பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி சிவந்து நிற்கிறது. ரப்பர் கருகும் வாடை வந்தது. மூன்றாவது வரியில் ஃப்யூஸ் போனது.

மாஸ்டர் ஆர்கனை நிறுத்தவில்லை. கண்ணால் மேடைக்குக் கீழே ஒரு ஜாடை காட்டினார். திண்டுக்கல் தம்பி உறையைக் கழற்றிக்கொண்டே படி ஏறினான்.

நான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் படிக்கு நேராகப் புகைப்படக்காரரும் மணமக்களும் உறவினர் வரிசையும் நின்றதால் இறங்க வழி இல்லை. ஆகவே செத்த கிட்டாரை மாட்டிக்கொண்டு, அவன் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் சிரித்த முகத்தோடு வாசித்தேன். ஒரு பிசகுகூட இல்லாமல் நான் வாசித்த கச்சேரி அது. அந்தக் குடும்பத்தின் கல்யாண ஆல்பத்தில் இன்றும் நான் உணர்ச்சிவசப்பட்டு வாசித்துக்கொண்டிருப்பேன்.

முடிந்ததும் மாஸ்டர் திட்டவில்லை. "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, பேசுவோம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பெட்டி ஒத்தக்கடைக்கு வந்தது. மச்சான் ஃப்யூஸ் மாற்றி, கெட்டுப்போன ஒரு வால்வை மாற்றி, சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டார். வாசித்தேன். பாகு. கொட்டாம்பட்டியில் விழுந்த அதே பாகு.

மச்சான் என்னை உற்றுப் பார்த்தார். "நீ அங்க என்னமோ பண்ணிருக்க மாப்ள."

"நான் ஒன்னும் பண்ணல மச்சான்."

"கைய வச்சு எதையாவது திருப்பிருக்க. நான் மீட்டர் வச்சுப் பாத்த செட்டு, என் மேல பழி வராது."

"மூணு மாசம் உங்க மீட்டரத்தான் நம்புனேன். கடைசியில கடுகு தாளிச்சுச்சு."

"ஒனக்குக் கை நடுங்கிருக்கும். பெரிய எடம்ல."

இப்படி ஏறிக்கொண்டே போனது. கல்லூரியும் அலுவலகமும் ஒன்றையொன்று எவ்வளவு மட்டமாக நினைக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா உளுந்தைக் களைந்துகொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள்.

"மண்டபத்துல லைட்டெல்லாம் எப்பிடி எரிஞ்சுச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

"நல்லா எரிஞ்சுச்சு. வெள்ளயா. ஜெனரேட்டரு."

"அப்பறம் என்ன? நான் ஏன் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மாவு ஆட்டுறேன்னு நெனக்கிறீங்க ரெண்டு பேரும்? ஒடம்பு நல்லாருக்கவா? சாயங்காலம் போட்டா கிரைண்டரு உம்முன்னு மொனங்கும், கல்லு சுத்தாது. விடியக்காலம் போட்டா குதிக்கும். உங்க பொட்டியும் அப்பிடித்தான் குதிச்சிருக்கும்."

மச்சான் எழுந்து போய், மூன்று மாதத்தில் முதன்முறையாக, மீட்டர் கம்பியைப் பெட்டிக்குள் விடாமல் சுவர் பிளக்கில் விட்டார். நூற்று எழுபது வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. மீட்டர் கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றிரவு அங்கேயே படுத்த என்னை விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பினார். சுவரில் மீட்டரை வைத்தார். இருநூற்று முப்பதைத் தாண்டி நின்றது. டியூப்லைட் ஒரே தட்டில் எரிந்தது. "வாசி" என்றார். வாசித்தேன். மண்டபத்தில் கேட்ட அதே சத்தம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "என்ன மாப்ள, இன்னிக்கு வீட்ல கெடா வெட்டா?" என்று ஒரு குரல் கேட்டது. பெட்டியை அணைத்தோம்.

டிரான்ஸ்பார்மர் கிழடே இல்லை. ஊர் முழுக்க இளைத்துப்போய் வந்த கரண்ட்டை வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி வால்வுகளை நாங்கள் உசுப்பிவிட்டிருந்தோம். இளைத்த கரண்ட்டில் அவை சோர்ந்து, மூச்சு வாங்கி, உருகிப் பாடின. தெம்பான கரண்ட்டு வந்ததும் உசுப்பிய உசுப்பில் வெறி பிடித்தன. என் இசையின் இனிமையில் கண்டன்சருக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, வெட்டிய கம்பிக்குக் கொஞ்சம் உண்டு. பெரும்பங்கு சுற்றுவட்டாரத்து பம்புசெட்டுகளுடையது. விரல்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

"இதுக்கு ரெண்டு பேரும் மூணு மாசம்" என்று சொல்லிவிட்டு அக்கா கிரைண்டரைப் போட்டாள்.

முழுக் கரண்ட்டுக்கு ஏற்றபடி மச்சான் ரெசிஸ்டன்ஸை எல்லாம் திருப்பி மாற்றிப் பார்த்தார். வெடிப்பு போனது, பாகும் போனது. பழைய எவர்சில்வர் தட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. வோல்ட்டேஜைக் குறைக்க ஒரு பெட்டி கிடைக்குமா என்று டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கேட்டேன். ஊரே வோல்ட்டேஜைக் கூட்டப் பெட்டி தேடி அலைந்துகொண்டிருந்த காலம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொறைக்கவா?" என்றார். "ஆமா." "எதுக்கு?" பம்புசெட்டு என்று ஆரம்பித்து, பாதியில் படி இறங்கினேன். மச்சானே ஒன்று செய்தார். அது ஆம்ப்ளிஃபையரைவிடக் கனமாக இருந்ததோடு, உம்மென்று தன் பங்குக்குத் தனியாக ஒரு சுருதியும் பிடித்தது. கைவிட்டோம். இளைத்த கரண்ட்டுக்குப் போட்ட ரெசிஸ்டன்ஸெல்லாம் மறுபடி உள்ளே போயின.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பம்புசெட்டு, கிரைண்டர், எதையும் மறைக்கவில்லை. அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். மில்லில் ஷிப்டு பிரித்துப் பழகிய மனிதர். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

"சரி. ஊருக்குள்ள கச்சேரின்னா திண்டுக்கல் தம்பி வாசிக்கட்டும். ஒத்தக்கடைக்கு அங்கிட்டுன்னா நீ வா."

"எப்பவுமா மாஸ்டர்?"

"அங்க கரண்ட்டு இப்பிடியே இருக்குறவரைக்கும்."

அப்படித்தான் நான் லோ வோல்ட்டேஜ் கிட்டாரிஸ்ட் ஆனேன். இப்படி ஒரு பதவி உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று பல புத்தகங்களில் தேடிவிட்டேன். இல்லை. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அதில் இருந்தேன். அந்த மூன்று வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இத்தனை காலம் கழித்துச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வேன் மேலூர் தாண்டும். யானைமலை எப்போதோ பின்னால் போயிருக்கும். இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும் இருட்டத் தொடங்கும். ஊர் எல்லையில் டீக்கடை பல்பைப் பார்ப்பேன். அது எவ்வளவு சிவந்திருக்கிறதோ அவ்வளவுக்கு எனக்கு வயிற்றில் ஒரு குளிர்ச்சி. டிரம்ஸ் வாசிப்பவர், "உனக்கு ராசியான ஊர் மாப்ள, டீக்கடைக்காரன் மூஞ்சியே தெரியல" என்பார். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நாளென்றால் இன்னும் நல்லது. எந்தக் கிராமத்தில் எந்த மாதம் மோட்டார் ஓடும் என்று அங்கே பயிர் வைத்தவர்களைவிட எனக்குத் தெரிந்திருந்தது. மழை பொய்த்த ஒரு வருடம் நான் வாசித்ததுதான் என் உச்சம் என்று நினைக்கிறேன். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருக்கும்.

மின்சாரம் ஒரே இடத்தில் நிற்குமா. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு ஊராகப் புது டிரான்ஸ்பார்மர் வைத்தார்கள். பிறகு ஒரு துணை மின்நிலையமும் வந்தது. ஒரு வருடம் நன்றாக வாசித்த ஊரில் மறு வருடம் டியூப்லைட் பளிச்சென்று எரியும். மாஸ்டர் அந்த ஊரின் பெயரைச் சொல்லி, "அங்க தம்பியக் கூட்டிட்டுப் போறேன்" என்பார். நான் தலையாட்டுவேன். மக்களுக்கு வெளிச்சம் வருவதை எதிர்த்து ஒரு மனிதன் என்ன பேச முடியும்? என் ஊர்கள் எட்டானது, ஐந்தானது, இரண்டானது. ஒத்தக்கடையில் அக்கா சாயங்காலமே மாவாட்ட ஆரம்பித்தாள்.

கடைசியாகக் கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். எனக்கு மிச்சமிருந்த ஊர்களில் ஒன்று. மாஸ்டர் முன்ஜாக்கிரதையாகத் திண்டுக்கல் தம்பியையும் வேனில் ஏற்றியிருந்தார். ஊருக்குள் நுழைந்ததும் பார்த்தேன். தெருக்கம்பத்திலெல்லாம் வெள்ளை விளக்கு. போன வாரம்தான் சரி செய்தார்கள் என்று ஊர்த்தலைவர் பெருமையோடு மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்னிடம் வந்தார். வேனில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"பொட்டிய எறக்க வேணாம் மாஸ்டர்" என்று நானே சொன்னேன். "நான் கீழ உக்காந்து கேக்குறேன்."

"இன்னிக்கு மட்டும்" என்றார். இரண்டு பேரும் அதை நம்புவது போல நின்றோம்.

அவ்வளவு காலத்தில் எங்கள் குழுவை மேடைக்கு முன்னால் உட்கார்ந்து நான் கேட்டதே இல்லை. மணலில், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே ஓர் இடம் பிடித்தேன். வேனில் ஏறுமுன் பொட்டுக்கடலை வாங்கியிருந்தேன். அதைக் கொறித்துக்கொண்டு கேட்டேன். மாஸ்டரின் ஆர்கன் நான் நினைத்ததைவிட இனிமையாக இருந்தது. பாடிய பெண் ஒரு வரியில் தடுமாறியதை டிரம்ஸ்காரர் அழகாக மூடினார். அப்புறம் என்னுடைய பதினாறு தட்டு வந்தது. திண்டுக்கல் தம்பி அதை வாசித்தான். ஒவ்வொரு சுரமும் பித்தளைச் சொம்பைத் துலக்கி வைத்த மாதிரி தனித்தனியாக, சுத்தமாக இருந்தது. நான் எப்போதும் தாண்டிவிடுகிற ஒரு கஷ்டமான இடத்தை அவன் தாண்டவில்லை, வாசித்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர், தோளில் துண்டு, கையில் பீடி. பொட்டுக்கடலையை அவரிடம் நீட்டினேன். ஒரு பிடி எடுத்துக்கொண்டு மேடையைக் காட்டினார்.

"இந்தத் தம்பி பரவாயில்லண்ணே. போன வருசம் ஒருத்தன் வந்தான். அவனுக்கு இம்புட்டு வராது."

மேடையிலிருந்த வெளிச்சம் எங்கள் முகத்தில் நன்றாகவே விழுந்தது. அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அடையாளம் தெரியவில்லை.

"ஆமாண்ணே" என்றேன். "வராது."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கடலையை மென்றார். அடுத்த பாட்டு தொடங்கியது. இரண்டு பேரும் கேட்டோம்.